பாசியைத் தவிர எல்லாம் தின்ற மீன்

கூத்தனேந்தல் சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் கரும்பு அரவைக் காலம் வந்துவிட்டால் போட்ட கோலத்தின் மேல் கரி விழும், காயப்போட்ட வேட்டியில் கரி விழும், வாயைத் திறந்து கொட்டாவி விட்டால் அதிலும் கரி விழும். கல்யாணமாகி அங்கே வருகிற பெண்கள் முதல் அரவைக்கு அழுவார்கள், அடுத்த அரவைக்குத் திட்டுவார்கள், அதற்குப் பிறகு சாம்பல் நிறத்திலேயே சேலை எடுக்கப் பழகிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், கொதிகலன் பிரிவில் வேலை பார்த்த கொண்டல்ராஜின் வீட்டுக் கூடத்தில், பளிங்கு மாதிரி ஒரு மீன்தொட்டி இருந்தது. அவருடைய மனைவி மங்களேஸ்வரியின் தம்பி தெய்வேந்திரன் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. சாதாரணக் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். அதன் முதுகில் துபாய் என்று பொன்னெழுத்தில் மின்னும் ஒரு ஸ்டிக்கர் உண்டு, வருகிறவர்கள் எல்லோரையும் மங்களேஸ்வரி தொட்டியின் பின்பக்கம் அழைத்துப்போய் அதைக் காட்டிய பிறகுதான் மீன்களைக் காட்டுவாள்.

தெய்வேந்திரன் துபாயில் சூப்பர்வைசர். அவன் கழுத்துச் சங்கிலி எவ்வளவு கனம், கைக்கடிகாரம் எந்தக் கம்பெனி, அவன் போகிற லிஃப்டில் எத்தனை பொத்தான் என்பதெல்லாம் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். கொண்டல்ராஜுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் ரசத்தில் உப்பு குறைகிறது என்று அவர் சொன்னாலும், மழையில் செருப்பு அறுந்துபோனாலும், பதவி உயர்வு அடுத்த ஆளுக்குப் போனாலும், "எந்தம்பியப் பாருங்க" என்றுதான் அந்த வீட்டில் பேச்சு தொடங்கும், அதிலேயே முடியும்.

அந்தத் தம்பி விடுமுறைக்கு வரப்போகிறான் என்று போன் வந்த வாரத்தில்தான் தொட்டியின் நான்கு சுவர்களிலும் பாசி ஏறியிருந்தது. முதலில் மெல்லிய பச்சையாகப் படர்ந்து, பிறகு கரும்பச்சைப் பொட்டுகளாக இறுகி, உள்ளே மீன் இருக்கிறதா கீரை இருக்கிறதா என்று கேட்கும்படி ஆகிவிட்டது. அக்ரிலிக் என்பது குழந்தைக் கன்னம் மாதிரி, நகம் பட்டாலே கீறல் விழும்; ஆகவே இரும்பு நார் கூடாது, பிளேடு கூடாது, சுரண்டுகிற எதுவும் கூடாது. கொண்டல்ராஜ் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார், எலுமிச்சைத் தோலால் தேய்த்தார், காலாவதியான ஏ.டி.எம். கார்டை வைத்து வழித்துப் பார்த்தார். பாசி அசையவில்லை. அவருக்குப் பின்னால் நின்று மங்களேஸ்வரி மூச்சுக்கு ஒருதரம் "கீறிடாதீங்க, கீறிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், வீடியோவில் தம்பி கூப்பிட்டால் போனைச் சட்டென்று மேல்கூரைப் பக்கம் திருப்பிவிடுவாள், அவனும் பாவம், அக்கா வீட்டு மின்விசிறியைப் பார்த்தே நலம் விசாரித்துவிட்டு வைப்பான்.

கடைசியில் கொண்டல்ராஜ் டவுனுக்குப் போய், வண்ணமீன் கடையில் ஒரு சக்கர் மீன் வாங்கி வந்தார். கறுத்துத் தட்டையாய், முகத்துக்கு அடியில் வாயை வைத்துக்கொண்டு, பார்க்க நல்லதாக இல்லை. "சுவத்துல ஒட்டிக்கிட்டு நக்கியே பாசியைத் தின்னுரும் சார், ஒரு கீறல் விழாது" என்று கடைக்காரர் சொன்னார். தொட்டியில் விட்டதும் அது சுவரில் ஒட்டியது, ஒரு வாய் நக்கியது, பிறகு கல்யாணப் பந்தியில் உப்பில்லாத கூட்டை இலை ஓரம் தள்ளுகிறவரைப்போல வாயை எடுத்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை கொண்டல்ராஜ் வேலைக்குக் கிளம்பும்போது மீன் தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது. தண்ணீரில் எப்படி நீந்துமோ அப்படியே காற்றில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில், அவசரமில்லாமல் நீந்திப்போய்க் கதவின் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு, எத்தனையோ பேரின் கை அழுக்கை நக்கி எடுத்தது. கைப்பிடி பித்தளை என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

"ஏங்க, மீனு வெளியே வந்திருச்சு" என்றாள் மங்களேஸ்வரி.

"வெளியே வந்தா பரவால்ல, பாசியைத் தின்னுட்டு வரலாம்ல?" என்றார் கொண்டல்ராஜ்.

அதுதான் அந்த வீட்டின் வருத்தமாக இருந்தது. மீன் காலையில் கிளம்பிக் குடியிருப்பு முழுக்கச் சுற்றும், சுவர்களில் ஏறியிருந்த கரியை நக்கும், பொங்கல் பானையின் அடிப்பிடிப்பை நக்கும், பிள்ளையார் சிலையில் கறுத்து இறுகிப்போன எண்ணெய்ப் பிசுக்கை நக்கி அவருக்கு ஒரு புருவம் இருந்ததை ஊருக்குக் காட்டும். எதிலும் ஒரு கீறல் விழாது. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குத் திரும்பி, பச்சை மண்டிய தொட்டிக்குள் இறங்கி, பாசியை ஏறெடுத்தும் பார்க்காமல் தூங்கிவிடும்.

குடியிருப்பு அதைச் சீக்கிரம் ஏற்றுக்கொண்டது. 'கிளீனர்' என்று பெயர் வைத்தார்கள். எந்த லைன் வீடுகளுக்கு எந்தக் கிழமை கிளீனர் வரும் என்று பெண்கள் பேசிவைத்துக்கொண்டார்கள், கிழமை மாறிப் போய்விட்டால் சண்டை வந்தது. கேட் பாஸ் இல்லாமல் ஆலைக்குள் விடமுடியாது என்று காவலாளி தடுத்ததால் பொது மேலாளர் ஆராவமுதன் அதற்குப் போட்டோ ஒட்டிய பாஸ் கொடுத்தார். உடனே யூனியன்காரர்கள், பாஸ் கொடுத்த பிறகு அது தொழிலாளிதான், ஞாயிற்றுக்கிழமை நக்கினால் இரட்டைச் சம்பளம் என்று கொடி பிடித்தார்கள். மீனோ நடுவில் நீந்திப்போய்க் கொடிக்கம்பத்தின் துருவை நக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்தெல்லா ஒருநாள் தன் புருஷன் சூசைமாணிக்கத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அவருடைய முன்கையில் பெரிய கறுப்பு ரோஜாப்பூ பச்சை குத்தியிருக்கும். அதற்கு அடியில் எவளோ ஒருத்தியின் பேர் இருக்கிறது, அதை மறைக்கத்தான் அவ்வளவு பெரிய பூ என்பது கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய சந்தேகம். மீன் பூவின் மேல் ஒட்டிக்கொண்டு இதழ் இதழாக நக்கியது. சூசைமாணிக்கம் வேண்டாம் வேண்டாமென்று முனகினார். பூ போனதும் கீழே எழுத்து தெரிந்தது. ஸ்தெல்லா கூட்டி வாசித்தாள்: "தொல்லை."

"உம்பேரைத்தான் சொன்னேன்" என்றார் சூசைமாணிக்கம் அழாத குறையாக. "நிச்சயமான சந்தோஷத்துல திருவிழாவுல போய்க் குத்தச் சொன்னேன். குத்துனவனுக்குக் காது மந்தம். ஸ்தெல்லான்னு சொன்னா இப்படி எழுதிட்டான். இதை வச்சுக்கிட்டு எப்படித் தாலி கட்டுறது? அதான் பூவப் போட்டேன்."

ஸ்தெல்லா அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "இருந்துட்டுப் போகட்டும், மிச்சத்த நக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து சூசைமாணிக்கம் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

ஆனால் கிளீனருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தலைச்சாயம் என்பது, அரவை முடிந்து ஆலை ஓய்ந்த அன்று நடந்த நன்றிக் கூட்டத்தில்தான் தெரியவந்தது. ஆராவமுதன் பேசிக்கொண்டிருக்க, மீன் முதல் வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசை வரைக்கும் ஒரு தலை விடாமல் நக்கிக்கொண்டே போய், முடிவில் மேடையேறி மேலாளரையும் முடித்தது. ஒரே முற்பகலில் அந்த ஆலைக்கே வயதாகிவிட்டது. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்து, "நீயுமா?" "நீங்களுமா சார்?" என்று கேட்டுக்கொண்டார்கள், கொஞ்சம் வெட்கப்பட்டார்கள், பிறகு யாரோ ஒருவர் சிரிக்க எல்லோரும் சிரித்தார்கள், மறுவாரம் டவுனில் சாயம் விற்கும் கடைக்காரர் வியாபாரம் படுத்துப்போய்க் குடியிருப்புக்கே வந்து என்ன விஷயமென்று விசாரித்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் நடுவில் தொட்டி பச்சையாகவே இருந்தது, தெய்வேந்திரன் வந்து இறங்கினான்.

அவன் வந்த டாக்ஸியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சங்கிலி மின்னியது, கையில் பட்டைக் காப்பு மின்னியது, கடிகாரம் எல்லாவற்றுக்கும் மேல் மின்னியது. மங்களேஸ்வரி தொட்டியின் மேல் ஒரு பட்டுத்துணியைப் போர்த்தி, மீன்களுக்கு வெளிச்சம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை, அவள் சமையலறையில் தம்பிக்குப் பிடித்த பருப்பு அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் கொண்டல்ராஜ் பேப்பரை விரித்துவைத்திருந்தார், எதிரே தெய்வேந்திரன் அந்தப் பட்டுத்துணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். துணிக்கடியிலிருந்து மீன் வந்தது. அறையை ஒருமுறை சுற்றியது. பிறகு நேராக அவன் மடியில் இறங்கிக் காப்பை நக்கத் தொடங்கியது.

மஞ்சள் போய் வெள்ளை உலோகம் தெரிந்தது. தெய்வேந்திரன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முடிதிருத்துகிறவரின் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தவன்போலக் கண்ணை மூடிக்கொண்டான். மீன் சங்கிலிக்கு ஏறியது, கண்ணி கண்ணியாக வெளுத்தது. கடிகாரத்துக்குப் போனது, கம்பெனிப் பெயர் போய்விட்டது. அப்புறம், அத்தனை நாள் தீண்டாமல் இருந்த தொட்டியின் பக்கம் திரும்பி, பட்டுத்துணியைச் சரித்துவிட்டு, தொட்டியின் முதுகில் ஒட்டியிருந்த பொன்னெழுத்தை ஒரே இழுப்பில் நக்கியது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது. சென்னை கொளத்தூர் என்று தெளிவாகத் தமிழிலேயே போட்டிருந்தது.

கொண்டல்ராஜ் பேப்பரை மடித்து வைத்தார். இப்படி ஒருநாள் வரவேண்டுமென்று அவர் எத்தனை தடவை ஆசைப்பட்டிருக்கிறார்! கொதிகலன் முன்னால் வியர்த்து நிற்கும்போதெல்லாம் அந்த நாளில் என்ன சொல்லவேண்டும், எப்படிச் சிரிக்கவேண்டும், மங்களேஸ்வரியின் முகம் எப்படிப் போகும் என்று ஒத்திகை பார்த்தே வைத்திருந்தார். இப்போது அந்தச் சிரிப்புக்குப் பதிலாக, அவர் கண் சமையலறைப் பக்கம்தான் போனது.

"அத்தான்" என்றான் தெய்வேந்திரன் கண்ணைத் திறக்காமலே. "நான் அங்க கண்ணாடி தொடைக்கிறேன். கட்டடத்துக்கு. வெளிப்பக்கம்."

"எத்தனாவது மாடி?" என்று கேட்டார் கொண்டல்ராஜ்.

"எல்லா மாடியும்."

"பயமா இருக்காதா மாப்ளே?"

"மேல தொங்கும்போது இருக்காது. லீவுக்கு ஊருக்கு வரும்போதுதான் இருக்கும்."

உள்ளே கிரைண்டர் நின்றது. மங்களேஸ்வரியின் கொலுசுச் சத்தம் கூடத்தை நோக்கி வந்தது. கொண்டல்ராஜ் எழுந்தார்; அலமாரியில் இருந்த நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்தார், மைத்துனனின் தலையில் அப்படியே கவிழ்த்தார், அவன் திடுக்கிட்டு நிமிர்வதற்குள் சங்கிலியையும் காப்பையும் கடிகாரத்தையும் உருவித் தன் பனியனுக்குள் போட்டுக்கொண்டார், சாவிக்கொத்தை எடுத்துத் தொட்டியின் முதுகில் இருந்த ஸ்டிக்கரைச் சரக்கென்று சுரண்டி எறிந்தார். அக்ரிலிக்கில் ஒரு கீறல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, பாம்பு போன தடம் மாதிரி விழுந்தது.

மங்களேஸ்வரி வாசற்படியில் நின்றாள். எண்ணெய் சொட்டச்சொட்டத் தம்பி, சாவியும் கையுமாகப் புருஷன், நடுவில் கீறல்.

"மாப்ளை எண்ணெய் தேச்சுக் குளிக்கணும்னான்" என்றார் கொண்டல்ராஜ். "நகையெல்லாம் கழட்டி நான் பத்திரமா வச்சிருக்கேன். அப்படியே பாசியையும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன்."

"பாசி உள்பக்கம்ல இருக்கு!"

"அதான் போகல."

அன்று மங்களேஸ்வரி திட்டியது மூன்று லைனுக்கும் கேட்டது. துபாயிலிருந்து வந்த பொருளை நாசம் பண்ணியாச்சு, ஸ்டிக்கரையும் காணோம், ஒரு தொட்டியைக் காப்பாத்தத் தெரியாத மனுஷன் கொதிகலனை எப்படித்தான் காப்பாத்துறாரோ, எந்தம்பியப் பாருங்க, எந்தம்பியப் பாருங்க. தம்பி எண்ணெய் கண்ணில் இறங்க இறங்க, துடைக்காமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். கொண்டல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பனியனுக்குள் காப்பு வயிற்றில் குத்தியது.

குளித்துவிட்டு வந்த தெய்வேந்திரன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தான். மீன்களை ஒரு வாளிக்கு மாற்றினான். தண்ணீரை இறைத்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த அத்தானின் பழைய பனியன் ஒன்றைக் கேட்டு வாங்கி, வினிகரில் நனைத்து, பாசிப் பொட்டுகளின் மேல் ஒத்தடம் போடுவதுபோலப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தான்.

"தேய்க்கலியாடா?" என்றாள் மங்களேஸ்வரி.

"ஊறட்டும்க்கா. அவசரப்பட்டு அழுத்துறதுலதான் கீறல் விழுது. பாசி பாதி, அதுல ஒட்டியிருக்கிற மணல் பாதி. தேய்ச்சா அந்த மணல் கீறிரும்."

ஊறியதும் மேலிருந்து கீழே, ஒரே போக்கில், அழுத்தாமல் இழுத்தான். துணியை அலசினான். மறுபடி மேலிருந்து கீழே. பச்சை சுருண்டு வந்தது. பிடிவாதமான பொட்டுகளை மறுபடி ஊறப்போட்டு, துணியைச் சுற்றிய விரலால் வட்டமாக வருடினான். வினிகர் வாடை போக நல்ல தண்ணீரில் பலமுறை கழுவினான். சன்னல் வெயில் தொட்டியில் படுவதைப் பார்த்து அதை நிழல் பக்கம் நகர்த்தினான். அத்தான் போட்ட கீறலில் பற்பசையைத் தடவி வெகுநேரம் வருடிப் பார்த்தான், அது மங்கியதே தவிரப் போகவில்லை.

"இதெல்லாம் எங்கடா படிச்ச?"

"எங்க ஆபீஸ்ல பெரிய பெரிய மீன்தொட்டி இருக்குக்கா" என்றான் அவன், அவளைப் பார்க்காமல்.

அவ்வளவு நேரமும் கிளீனர் அவன் தோளுக்குப் பக்கத்தில் காற்றில் நின்று, அவன் கை மேலே போனால் மேலேயும் கீழே வந்தால் கீழேயும் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அது வேறு எங்கும் போகவில்லை. அவன் கடைக்குப் போனால் பின்னால் போனது, பேப்பர் படித்தால் பக்கத்தில் நின்றது. எங்கள் கிழமைக்கு மீன் வரவில்லையென்று பெண்கள் குறை சொன்னார்கள்.

ஆலையின் பொன்விழா நெருங்கியது. புகைபோக்கியின் மேல் ஆலையின் பெயரை வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பதாகவும், அது கரிக்கடியில் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டதாகவும், விழாவுக்குள் அதை மீன் நக்கிக் கொடுக்கவேண்டுமென்றும் நரைத்த தலையோடு ஆராவமுதன் நேரில் வந்து கேட்டார். மீனைக் கொண்டுபோய் விட்டார்கள். அது புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, தெய்வேந்திரனிடமே திரும்பி வந்தது. மறுபடி விட்டார்கள், மறுபடி வந்தது.

"இவர் ஏறினாத்தான் அதுவும் ஏறும் போல" என்றார் ஆராவமுதன். "ஆனா இவரை எப்படிச் சொல்றது, சூப்பர்வைசர்..."

தெய்வேந்திரன் அத்தானைப் பார்த்தான். கொண்டல்ராஜ் வேண்டாமென்று கண்ணால் சொன்னார். அவன் புகைபோக்கியை மேலும் கீழும் பார்த்தான், அப்போது அவன் முகத்தில் வந்த களை, வந்து இறங்கிய நாளிலிருந்து ஒருநாளும் வராத களை. "நல்ல கயிறு இருக்கா சார்?" என்று கேட்டான்.

குடியிருப்பே மைதானத்தில் கூடியது. அவன் ஏணியில் ஏறி உச்சிக்குப் போய், கயிற்றை வளைத்துக் கட்டி, இடுப்பில் மாட்டி, ஒரு பலகையில் உட்கார்ந்து, நாற்காலியில் சாய்கிறவன்போல வெறும் காற்றில் சாய்ந்தான். கூட்டம் ஐயோ என்றது. அவன் காலால் சுவரை உந்தி ஒரு பக்கம் ஆடினான், வாளியிலிருந்து துணியை எடுத்தான், மேலிருந்து கீழே, ஒரே போக்கில், அழுத்தாமல் இழுத்தான். பக்கத்தில் மீன் ஒட்டிக்கொண்டு நக்கியது. அவன் துடைத்த இடத்தில் ஒரு 'கூ' வந்தது, மீன் நக்கிய இடத்தில் ஒரு 'த்' வந்தது.

மங்களேஸ்வரி அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். அவள் ஐயோ என்று சொல்லவில்லை. கயிற்றை அவன் விரல் பார்க்காமலே தேடிப் பிடிப்பதையும், வாளி எங்கே தொங்குகிறதென்று அவன் முழங்காலுக்குத் தெரிந்திருப்பதையும் பார்த்தாள். தொட்டி துடைத்த அதே கை.

"உன் தம்பி சூப்பர்வைசர்னு சொன்னே?" என்றாள் ஸ்தெல்லா.

"சூப்பர்வைசர்தான் முதல்ல ஏறிக் காட்டணும், அங்க அப்படித்தான் சட்டம்" என்று கொண்டல்ராஜ் குறுக்கே புகுந்தார், அவசரத்தில் குரல் கீச்சென்று போய்விட்டது.

மங்களேஸ்வரி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வாசற்படியில் நின்று பார்த்த அந்த எண்ணெயும் சாவியும் கீறலும் அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதை அவரால் பார்க்க முடிந்தது. அவர் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி அண்ணாந்துகொண்டாள்.

கடைசி எழுத்தும் வந்த பிறகு தெய்வேந்திரன் கயிற்றில் வழுக்கி இறங்கினான். மீன் இறங்கவில்லை. புகைபோக்கியின் விளிம்பில் கொஞ்சநேரம் ஒட்டியிருந்தது, பிறகு அங்கிருந்து கிளம்பி, அரவைக் காலத்துப் புகை இன்னும் கலையாமல் மங்கிக் கிடந்த வானத்தில் போய் ஒட்டிக்கொண்டு, மெதுவாக நக்கத் தொடங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது போன வழியெல்லாம் நீலம் பட்டையாகத் தெரிந்தது. இனி எந்த லைனுக்கு எந்தக் கிழமை என்று யாரும் பேசவில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போய் வெள்ளைத் துணிகளை எடுத்து ஊறப்போட்டார்கள்.

விடுமுறை முடிந்து தெய்வேந்திரன் கிளம்பிய அன்று அக்காவும் அத்தானும் பேருந்து நிலையம் வரைக்கும் வந்தார்கள். அவன் கழுத்தில் ஒன்றும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் வழியனுப்பும்போது மங்களேஸ்வரி, ஏசியில் ரொம்ப நேரம் உட்காராதே, சளி பிடிக்கும் என்று சொல்லி அனுப்புவாள், அவனும் சரிக்கா என்று தலையாட்டுவான். இந்தத் தடவை ஊறுகாய் டப்பாவைப் பையில் திணித்துக் கொடுத்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் உறுமியது. அவன் சன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினான்.

பஸ் நகர்ந்ததும் அவள் ஓடினாள். கூடவே ஓடி, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"டேய், காத்தடிக்கிற அன்னைக்கு மேல போகாதடா! ஒரு நாள் சம்பளம் போனாப் போகுது!"